வீட்டில் சீன டம்ப்ளிங்: மேல்மாவு கிழிகிறது, இறைச்சி வறண்டுபோகிறது, சாஸும் சரியாக அமையவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சீனர்கள் ஜியாவ்ஸ என்று அழைக்கும் பிறைவடிவ டம்ப்ளிங்கைச் சில வாரங்களாக வீட்டில் செய்து பார்த்து வருகிறேன். 300 கிராம் மைதாவைக் குளிர்ந்த நீரில் பிசைந்து, கொத்திய கோழி நெஞ்சுக்கறி, சீன முட்டைகோஸ், வெங்காயத்தாள், இஞ்சி ஆகியவற்றைப் பூரணமாக வைத்து, அடிப்பக்கம் மொறுமொறுப்பாக வரும்படி சட்டியில் வேகவைக்கிறேன். கடைசி டம்ப்ளிங்கை மடித்து முடிப்பதற்குள் முதலில் மடித்தவற்றின் அடிப்பகுதி ஈரமாகிக் கிழிந்துவிடுகிறது. பூரணம் இவ்வளவு நீர் விடும்போதும், வெந்த பிறகு உள்ளே இருக்கும் இறைச்சி மட்டும் வறண்டு கெட்டியாக இருப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. தொட்டுக்கொள்ள வெறும் சோயா சாஸ் வைத்தால் உப்பு மிகுகிறது. வெள்ளை வினிகர் சேர்த்தாலோ புளிப்பு மூக்கில் ஏறுகிறது. எங்கே தவறுகிறேன் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

சட்டியில் செய்யும் வகைக்கு, அதாவது குவோதியேவுக்கு, வெந்நீரில் பிசைந்த மாவே ஏற்றது. 300 கிராம் மைதாவுக்கு 150 கிராம் நீர் போதும். கொதித்து இறக்கிய நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூடு வந்ததும் பிசையுங்கள். சூட்டில் மாவுச்சத்து ஓரளவு வெந்து நீரை இழுத்துக்கொள்வதாலும், மாவுக்கு இழுவை தரும் புரதமான பசையம் (குளூட்டன்) வலுவிழப்பதாலும், மாவு தேய்க்கும்போது சுருங்கிப் பின்வாங்காது. மேல்மாவும் மென்மையாக வரும். நீரில் போட்டு அவிப்பதாயிருந்தால் குளிர்ந்த நீரில் பிசைந்த மாவே நல்லது, ஏனெனில் கொதிக்கும் நீரின் அலைப்பைத் தாங்க அந்தப் பசையத்தின் உறுதி தேவை.

எப்படிப் பிசைந்தாலும் ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு 12 கிராம் அளவில் உருண்டைகளாக்கி, நடுப்பகுதி சற்றுத் தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கும்படி தேயுங்கள். பூரணத்தின் எடையைத் தாங்குவது நடுப்பகுதிதான். ஓரத்திலோ மடிக்கும்போது இரண்டு அடுக்குகள் சேர்ந்துவிடுவதால், அங்கும் தடிப்பாக விட்டால் அந்த இடம் வேகாமல் மாவாகவே தங்கிவிடும்.

மறுமொழி 2

மாவைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் சிக்கலின் வேர் பூரணத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. முட்டைகோஸ் விடுகிற நீரும் இறைச்சிக்கு வேண்டிய நீரும் வேறு வேறு. முதலாவதை வெளியேற்ற வேண்டும், இரண்டாவதை நாமே ஊட்ட வேண்டும்.

250 கிராம் முட்டைகோஸைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்து, துணியில் கட்டி இனி ஒரு சொட்டும் வராது என்னும் வரை பிழியுங்கள். இந்தப் படியில் மட்டும் சோம்பலுக்கு இடம் தரக் கூடாது. 300 கிராம் இறைச்சியில் சோயா சாஸ், இஞ்சி, மிளகுத்தூள் ஆகியவற்றைச் சேர்த்து, நான்கைந்து மேசைக்கரண்டி ஆறிய எலும்புச் சாற்றையோ நீரையோ ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, ஒரே திசையில் விடாமல் கிளறுங்கள். ஊற்றிய நீர் மறைந்த பிறகே அடுத்த கரண்டியை ஊற்ற வேண்டும். சிறிது நேரத்தில் கலவை பசைபோல ஒட்டத் தொடங்கும். உப்பில் கரைந்து வெளிவரும் இறைச்சிப் புரதம் நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதன் அடையாளம் அது. அந்த நீர்தான் வெந்தபின் கடிக்கும்போது சாறாக வருகிறது. பிழிந்த கோஸையும் வெங்காயத்தாளையும், வறுத்த எள்ளின் எண்ணெயையும் மடிக்கத் தொடங்கும் முன் கடைசியாகக் கலந்தால் போதும். கோஸில் ஏற்கெனவே உப்பு ஏறியிருக்கும் என்பதால் சோயா சாஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கறிக்குப் பதிலாகக் கொழுப்புள்ள தொடைக்கறி எடுத்தால் வறட்சி இன்னும் குறையும்.

சட்டியில் எண்ணெய் விட்டு, அடி பொன்னிறமானதும் டம்ப்ளிங்கின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு நீர் ஊற்றி, மூடி 7, 8 நிமிடம் வேகவிடுங்கள். பின் மூடியை எடுத்து, சலசலப்பு அடங்கி எண்ணெய் பொரியும் ஒலி மட்டும் கேட்கும் வரை காத்திருங்கள். அதற்கு முன் எடுத்தால் அடிப்பக்கம் சட்டியிலேயே ஒட்டிக் கிழிந்துவிடும்.

மறுமொழி 3

சாஸைப் பொறுத்தவரை, உப்புக்குப் பூரணமே போதுமானது. தொட்டுக்கொள்வதில் புளிப்புதான் முன்னிற்க வேண்டும். இரண்டு பங்கு கருப்பு வினிகருக்கு ஒரு பங்கு சோயா சாஸ், மேலே சில துளி எள்ளெண்ணெய், நூலாக நறுக்கிய இஞ்சி, விருப்பப்பட்டால் மிளகாய் எண்ணெய் என்று கலந்து பாருங்கள். ஜியாங்சு மாகாணத்தின் ஜென்ஜியாங் நகரத்துக் கருப்பு வினிகர் பசையரிசியிலிருந்து நொதிக்கவைத்துச் செய்யப்படுவதால், அதன் புளிப்போடு ஒரு மெல்லிய இனிப்பும் மணமும் சேர்ந்திருக்கும். வெள்ளை வினிகரில் அவை இல்லாததால்தான் உங்களுக்கு வெறும் காரமான புளிப்பு மட்டும் தெரிகிறது. கருப்பு வினிகர் கிடைக்காவிட்டால் அரிசி வினிகரில் ஒரு சிட்டிகைச் சர்க்கரை கரைத்துக்கொள்ளலாம்.

வட சீனாவில் நிலவு நாட்காட்டியின் 12ஆம் மாதம் 8ஆம் நாளில் உரித்த பூண்டுப் பற்களை வினிகரில் ஊறப்போட்டு, அவை பச்சை நிறமானபின், புத்தாண்டு ஜியாவ்ஸவோடு உண்கிறார்கள். பூண்டின் மணம் ஏறிய அந்த வினிகரையே தொட்டுக்கொள்ளவும் வைப்பார்கள். எனக்கு எந்தக் கலவையையும்விட அதுவே பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று கோஸைப் பிழிந்தபோது கிண்ணத்தில் தேங்கிய நீரைக் கண்டு வியந்துபோனேன். இத்தனை நாளும் அவ்வளவும் மேல்மாவுக்குள் போயிருக்கிறது. 36 டம்ப்ளிங் செய்ததில் ஒன்றுகூடக் கிழியவில்லை, இறைச்சியும் சாறோடு இருந்தது. பாதியை உறைபெட்டியில் வைக்க எண்ணுகிறேன். சமைக்கும் முன் உறைநிலையைத் தெளியவிட வேண்டுமா?

மறுமொழி 2 எழுதியவர்

தெளியவிடாதீர்கள், உருகினால் மேல்மாவு மறுபடியும் ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். மாவு தூவிய தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, கல்லாக இறுகிய பிறகு பையில் போட்டு வையுங்கள். சமைக்கும்போது நேராகச் சட்டியில் வைத்து, நீரைச் சற்றுக் கூட்டி, மூடிய நிலையில் மேலும் இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். கோழி இறைச்சி என்பதால் முதல் தடவை ஒன்றைப் பிளந்து, நடுப்பகுதி முழுவதும் வெந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.