பைக் முடிச்சு இறங்கினா ரன் காலியாகுது, இன்னும் ட்ரெய்னிங் கூட்டணுமா?

அரைத்தூக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு போற ஆளு, இப்பதான் முதல் தடவையா கேக்கறேன். நான் பண்றது ட்ரையத்லான்ல ஒலிம்பிக் டிஸ்டன்ஸ், 1.5 கி.மீ ஸ்விம், 40 கி.மீ பைக் (சைக்கிள்தான்), 10 கி.மீ ரன். என் வயசு பிரிவுல (ஏஜ் குரூப்) முதல் மூணுக்குள்ள வரணும்ங்கறதுதான் டார்கெட். ஸ்விம்லயும் பைக்லயும் அந்த கூட்டத்தோடதான் இருக்கேன், ரன்ல இறங்கினதும் வரிசையா தாண்டி போயிடறாங்க. தனியா 10 கி.மீ ஓடினா 42 நிமிஷம் வருது, ரேஸ்ல அதே தூரம் 49க்கு மேல இழுக்குது. வித்தியாசம் இருக்கும்னு தெரியும், ஆனா 7 நிமிஷமா?

முழு நேர வேலை, வீட்ல சின்ன பசங்க. காலைல நாலரைக்கு அலாரம், வாரத்துக்கு 12 மணி நேரம் பக்கம் வருது. ஸ்விம் மூணு, பைக் மூணு, அதுல ரெண்டு வீட்டுக்குள்ளயே ட்ரெய்னர் ஸ்டாண்ட்ல, ஒண்ணு மட்டும் ரோட்ல. ரன் நாலு. ரெஸ்ட் டேன்னு ஒண்ணு ப்ளான்ல இருக்கு ஆனா அன்னிக்கு ஜிம் போயிடுவேன், சும்மா உக்காந்தா என்னமோ குத்துது. ஈஸி ரன் எல்லாம் கிலோமீட்டருக்கு 4:45 பேஸ்ல போகுது, மூச்சு வாங்காம நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நாளா ராத்திரி தூக்கம் சரியில்ல, காலைல ரெஸ்டிங் ஹார்ட் ரேட் வழக்கமா 48 காட்டற வாட்ச் இப்ப 54, 55னு காட்டுது, வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன்னு கம்ப்ளெயின்ட் வேற.

என் கேள்வி இதுதான், வாரத்துக்கு இன்னொரு ஸ்பீட் ரன் சேத்தா இந்த 7 நிமிஷம் குறையுமா? அதுக்கு எத வெட்டணும்? ஸ்விம்மையா?

பின்காற்று:

ப்ரோ, எதையும் சேக்காதீங்க. ரன் வரலங்கறீங்க, ஆனா நீங்க எழுதினத பாத்தா அது ரன் பிரச்சனையே இல்ல. தனியா 42 ஓடற கால் உங்ககிட்ட இருக்கு. அந்த கால் டி2 (பைக்லேந்து ரன்னுக்கு மாறற இடம்) வரைக்கும் உயிரோட வந்து சேரலங்கறதுதான் கேஸ். நல்லா பேஸ் பண்ணின ரேஸ்ல ஏஜ் குரூப் ஆளுங்களுக்கு ரெண்டுலேந்து நாலு நிமிஷம் வரைக்கும் போகும், வெயில் இருந்தா இன்னும் கொஞ்சம். 7ங்கறது பைக்ல எங்கயோ கொட்டிட்டு வர்றீங்கன்னு அர்த்தம். பவர் மீட்டர் இருந்தா ரேஸ் ஃபைல்லேந்து ஆவரேஜ் வாட்ஸ், நார்மலைஸ்டு வாட்ஸ் (ஏத்தி இறக்கி மிதிச்சதயும் கணக்குல எடுக்கறது), உங்க எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்கற வாட்ஸ்), மூணையும் போடுங்க. எஃப்டிபி எப்படி எடுத்தீங்கன்னும் சொல்லுங்க, 20 நிமிஷ டெஸ்ட் பண்ணிட்டு அதுல 5 சதவீதம் கழிக்காம அப்படியே எஃப்டிபின்னு வச்சுக்கறவங்க நிறைய பேரு.

ரெண்டாவது, அந்த 4:45. உங்க 10 கி.மீ பேஸ் கிலோமீட்டருக்கு 4:12. அப்படி இருக்க ஆளுக்கு ஈஸிங்கறது 5:15லேந்து 5:45 வரைக்கும் எங்கயாவது இருக்கணும், களைச்சிருக்கற நாள்ல அதவிட மெதுவா போனாலும் யாரும் கேக்கப்போறதில்ல. 4:45ல மூச்சு வாங்கலன்னா அது ஈஸின்னு அர்த்தம் இல்ல, பழகிப்போச்சுன்னு அர்த்தம். ஓடிட்டே யார்கிட்டயாவது ஒரு கதைய முழுசா சொல்ல முடியுதான்னு பாருங்க, ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ நிறுத்தினீங்கன்னா அது ஈஸி இல்ல. ஸ்டீஃபன் சைலர்னு ஒரு ஆராய்ச்சியாளர், உலகத்தரத்துல இருக்கற எண்டியூரன்ஸ் ஆளுங்க எப்படி ட்ரெய்ன் பண்றாங்கன்னு பாத்தவர். அவங்க செஷன்ல சுமார் 80 சதவீதம் நிஜமாவே ஈஸி, மிச்சம்தான் கஷ்டம். நம்ம ஆளுங்க என்ன பண்றோம்னா ஈஸி நாள்ல கொஞ்சம் வேகமா, வேக நாள்ல கொஞ்சம் மெதுவா, வாரம் பூரா நடுவுலயே சுத்திட்டு இருக்கோம். களைப்பு முழுசா வருது, பலன் பாதிதான் வருது.

ஈரத்துண்டு:

பின்காற்று சொல்றது சரி, ஆனா நான் அந்த ஹார்ட் ரேட்டயும் தூக்கத்தயும்தான் முதல்ல பாப்பேன். தம்பி, காலைல செஷனுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிடறீங்களா இல்ல வெறும் வயித்துலயா? செஷன் முடிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு சாப்பிடறீங்க? வெயிட் குறைக்கற ஐடியா ஏதாவது ஓடிட்டு இருக்கா?

ஏன் கேக்கறேன்னா ரெஸ்டிங் ஹார்ட் ரேட் ஏறுது, தூக்கம் போகுது, எரிச்சல், வேகம் வரல, இது நாலும் சேந்து வந்தா ட்ரெய்னிங் பத்தலங்கறது கடைசியா யோசிக்க வேண்டிய காரணம். செலவாகற அளவுக்கு உள்ள போகலன்னா உடம்பு தானா ஒவ்வொரு டிபார்ட்மென்டா மூட ஆரம்பிக்கும். 2014ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இதுக்கு ஆர்இடி-எஸ்னு பேரு வச்சு அறிக்கை விட்டுச்சு. பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் தள்ளிப்போகும் இல்ல நின்னே போகும், அதனால சீக்கிரம் தெரிஞ்சுடும், அப்பவும் நிறைய பேரு ட்ரெய்னிங் பண்ணினா இதெல்லாம் சகஜம்னு விட்டுடறாங்க, சகஜமே இல்ல. ஆம்பளைங்களுக்கு அந்த மாதிரி கண்ணுக்கு தெரியற அடையாளம் கிடையாது. டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், அந்த விஷயத்துல ஆர்வம் போகும், இத யாரும் ஃபோரம்ல வந்து எழுத மாட்டாங்க. எலும்புல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வந்த பிறகுதான் முழிச்சுக்குவாங்க. ஒரு டாக்டர பாத்து இரத்தத்துல ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் டி, தைராய்டு எல்லாம் பாத்துடுங்க, இத நம்மளே ஃபோரம்ல உக்காந்து முடிவு பண்ண முடியாது.

இன்னொண்ணு, நாலரைக்கு எந்திரிக்கற ஆளு எத்தன மணிக்கு படுக்கறீங்கன்னு எழுதவே இல்ல பாத்தீங்களா. பத்தரை, பதினொண்ணுன்னா அந்த ஆறாவது நாள் காலை செஷன விட்டுட்டு தூங்கறதுதான் உங்களுக்கு கிடைக்கற பெஸ்ட் ட்ரெய்னிங்.

அரைத்தூக்கம்:

அக்கா, படுக்கறது பதினொண்ணு தாண்டிடும். பசங்க தூங்கின பிறகுதான் கொஞ்சம் வீட்டு வேல, அப்புறம் நாளைக்கு பேக். காலைல வெறும் வயித்துலதான் போறேன், ஃபேட் எரிக்க உடம்ப பழக்கறதுக்குன்னு ஒரு வீடியோல பாத்தது. டாக்டர்கிட்ட இந்த வாரமே போறேன்.

பின்காற்று ப்ரோ, எஃப்டிபி 255, 5 சதவீதம் கழிச்சதுதான். கடைசி ரேஸ்ல ஆவரேஜ் 228, நார்மலைஸ்டு 250. ஏத்தத்துல எல்லாம் 350, 400னு போயிருக்கு, மத்தவங்க தாண்டும்போது விட மனசு வரல.

பின்காற்று:

இதான். நார்மலைஸ்டு 250ன்னா எஃப்டிபில 98 சதவீதம். கிட்டத்தட்ட ஒரு மணி நேர டைம் ட்ரையல முழு மூச்சா அடிச்சுட்டு அதுக்கப்புறம் 10 கி.மீ ஓட போயிருக்கீங்க. 250அ 228ஆல வகுத்தா 1.1 வருது, மேடு அதிகமில்லாத கோர்ஸ்ல இது 1.05க்குள்ள இருக்கணும். அடுத்த ரேஸ்ல 230லேந்து 235, ஏத்தத்துல எக்காரணம் கொண்டும் 280 தாண்டக்கூடாது, தாண்டறவன் தாண்டட்டும், 6வது கி.மீல அவன பாப்பீங்க. பைக்ல ஒரு நிமிஷம் போகும், ரன்ல மூணு நாலு நிமிஷம் திரும்பி வரும்.

ரொம்ப பெரிய ஆளுங்களுக்கே கணக்கு தப்பியிருக்கு. 2016ல மெக்சிகோல நடந்த கோசுமெல் ரேஸ் வீடியோ பாத்திருப்பீங்க, பிரிட்டன் ட்ரையத்லீட் ஜானி பிரவுன்லீ முன்னாடி ஓடிட்டு இருந்தவரு ஃபினிஷுக்கு சில நூறு மீட்டர் இருக்கும்போது வெயில்ல அப்படியே தள்ளாடி நின்னுட்டாரு, பின்னாடி வந்த அண்ணன் அலிஸ்டேர் தம்பி கைய தோள்ல போட்டு இழுத்துட்டு வந்து லைனுக்கு அந்தப்பக்கம் தள்ளி விட்டாரு. எல்லாரும் அந்த பாசத்தத்தான் பேசறாங்க. ரேஸ ஜெயிச்சது ஹென்ரி ஷூமன்.

சாக்ஸ்போடாதவன்:

கொஞ்சம் எதிர் கருத்து சொல்றேன், கோச்சுக்காதீங்க. 80 சதவீத கதைய வேதமா எடுத்துக்காதீங்க. அது வாரத்துக்கு 25, 30 மணி நேரம் பண்றவங்களுக்கு. அவ்வளவு பண்ணும்போது எல்லாம் கஷ்டமா பண்ணினா செத்துடுவாங்க, அதனால ஈஸி. 12 மணி நேரம், அதையும் பத்தா பிரிச்சு பண்ற ஆளுக்கு பைக்ல த்ரெஷோல்டுக்கு (சுமார் ஒரு மணி நேரம் தாங்கற எல்லைக்கு) கொஞ்சம் கீழ 15 நிமிஷம் மூணு தடவன்னு பண்றது நல்ல முதலீடுதான், நடுவுல இருக்குன்னு பயப்பட வேணாம். டோக்கியோ ஒலிம்பிக்ல தங்கம் ஜெயிச்ச கிறிஸ்டியன் ப்ளூமன்ஃபெல்ட்டோட நார்வே கூட்டத்த பாருங்க, த்ரெஷோல்ட் வேல ஏகப்பட்டது பண்றாங்க, ஆனா நடுவுல நடுவுல நிறுத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் (கஷ்டப்படும்போது ரத்தத்துல ஏறற பொருள்) பாத்து, ஏறினா வேகத்த குறைச்சுடறாங்க. அந்த கட்டுப்பாட்ட விட்டுட்டு த்ரெஷோல்ட மட்டும் காப்பி அடிக்கறவங்கதான் மாட்டறது.

வெறும் வயித்து விஷயத்துல அக்கா பக்கம்தான் நான். அடுப்ப ஏத்தாம சாதம் வேகலன்னு பாத்திரத்த மாத்திட்டு இருக்க மாதிரி இருக்கு. கஷ்டமான செஷன் எதுவும் வெறும் வயித்துல வேணாம். ரேஸ்ல பைக்ல என்ன எடுத்துக்கறீங்க? வெறும் தண்ணின்னா அங்கயே ரன் பாதி போச்சு. ரெண்டரை மணி நேர ரேஸுக்கு மணிக்கு 60 கிராம் கார்ப் தாராளமா போகலாம். குளுக்கோஸ் மட்டும்னா குடல் மணிக்கு 60 கிராம் அளவுலயே முட்டிக்கும், அதுக்கு மேல வேணும்னா ஃப்ரக்டோஸ் கலந்தது, அது வேற வழியா உள்ள போகும், அப்படி 90 வரைக்கும் போறாங்க. ஆனா ட்ரெய்னிங்ல பழக்காம ரேஸ் அன்னிக்கு முதல் தடவ ட்ரை பண்ணினா டாய்லெட் எங்கன்னு தேட வேண்டியதுதான்.

அப்புறம் யாரும் பேசாத ஒண்ணு, டிரான்சிஷன், ஸ்விம்லேந்து பைக்குக்கு மாறறது டி1, பைக்லேந்து ரன்னுக்கு டி2. டி1, டி2 சேத்து உங்களுக்கு எவ்வளவு ஆகுது? ஏஜ் குரூப்ல மூணாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல சில சமயம் அம்பது செகண்டுதான் இருக்கும், அத வாங்க வாரக்கணக்கா இன்டர்வெல் (வேகமா ஓடி, இளைப்பாறி, திரும்ப ஓடறது) அடிக்கறாங்க, டி1ல உக்காந்து ஈரக்கால்ல சாக்ஸ் ஏத்திட்டு இருக்காங்க. ஷூவ பெடல்லயே மாட்டி வைங்க, பின்பக்க லூப்லேந்து ஃப்ரேமுக்கு மெல்லிசா ஒரு ரப்பர் பேண்ட் கட்டினா பெடல் படுக்கையா நிக்கும், ஏறி நாலு மிதி மிதிச்சதும் ரப்பர் தானா அறுந்துடும். ரன் ஷூக்கு எலாஸ்டிக் லேஸ், உள்ள கொஞ்சம் பவுடர், குதிகால் உரசற இடத்துல வாசலின். ஹெல்மெட் கொக்கிய மாட்டினதுக்கு அப்புறம்தான் பைக்க ரேக்லேந்து தொடணும், திரும்பி வந்து ரேக்ல வச்சதுக்கு அப்புறம்தான் கழட்டணும், அந்த அவசரத்துல பெனால்டி வாங்கறவங்க எக்கச்சக்கம். வீட்டு வாசல்லயே பத்து நிமிஷம் பிராக்டிஸ் பண்ணலாம், பசங்க ஸ்டாப்வாட்ச் புடிப்பாங்க, அவங்களுக்கும் ஜாலி.

ஈரத்துண்டு:

ஸ்விம்ம வெட்டலாமான்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. மூணத்தான் வச்சுக்கோங்க, ஆனா ஒண்ண குட்டியாக்குங்க. கூட்டத்தோடயே வர்றீங்கன்னா இன்னும் வேகமா நீந்தறதவிட அதே டைம்ல களைப்பில்லாம வெளிய வர்றதுதான் லாபம். முன்னாடி போறவங்க காலுக்கு பின்னாடியே ஒட்டிட்டு போங்க. பைக்ல இப்படி பின்னாடியே ஒட்டிட்டு போய் ட்ராஃப்டிங் பண்ணினா உங்க கேட்டகிரில பெனால்டி, தண்ணில அது தாராளமா அலவ்டு. நேரா பாக்க தலைய முழுசா தூக்காதீங்க, கண்ணு மட்டும் தண்ணிக்கு மேல வந்தா போதும், தலை மேல போனா இடுப்பு கீழ போகும், அதத்தான் கால் அடிச்சு அடிச்சு சரிகட்டுவீங்க, அந்த கால்தான் அப்புறம் பைக்குக்கும் வேணும்.

வீட்டு விஷயம் ஒண்ணு, இது உங்க கேள்வில இல்ல, இருந்தாலும் சொல்றேன். எரிஞ்சு விழறேன்னு சொல்றாங்கன்னா அது பாதி பசி, பாதி கேலண்டர். எங்க வீட்ல ஞாயித்துக்கிழம ராத்திரி அடுத்த வார செஷன் எல்லாத்தையும் ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டிடுவேன், எந்த ரெண்டு காலை அவருக்கு, எந்த ரெண்டு எனக்குன்னு பேசி முடிவு பண்ணினது. ஒட்டினதுல இல்லாத செஷன் கிடையாது. லாங் ரைடு முடிச்சு வந்து சோஃபால சாஞ்சுட்டு எதுக்கும் எந்திரிக்க மாட்டேன்னு கிடக்கறோம் பாருங்க, அதுதான் வீட்ல இருக்கறவங்களுக்கு நம்ம ட்ரெய்னிங் நேரத்தவிட அதிகமா கடுப்பாகற விஷயம். நம்ம வாட்ச்ல அந்த மூணு மணி நேரம் ஏறாது.

அரைத்தூக்கம்:

அந்த சோஃபா மேட்டர என் மனைவிக்கு படிச்சு காட்டினேன், உங்கள நேர்ல பாக்கணுமாம் அக்கா.

சரி இப்படி மாத்தறேன். ஜிம் நாள் நிஜமாவே ரெஸ்ட். ஈஸி ரன் ரெண்டையும் 5:30ல, வாட்ச்ல பேஸ் ஸ்க்ரீனயே எடுத்துட்டேன், ஹார்ட் ரேட் மட்டும். ஒரு காலை செஷன் கட், தூக்கம். காலைல கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பழமாவது. டி1, டி2 சேத்து நாலே முக்கால் நிமிஷம் ஆயிருக்கு, இப்பதான் பாத்தேன், அதுல மட்டும் ஒண்ணரை நிமிஷம் எடுக்கலாம் போல. ரெண்டு சந்தேகம். பைக் முடிச்ச உடனே ஓடற ப்ரிக் எவ்வளவு நேரம் பண்ணணும்? ரேஸுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு, ரேஸுக்கு முன்னாடி ட்ரெய்னிங்க குறைக்கற டேப்பர் எப்ப ஆரம்பிக்கறது?

பின்காற்று:

ப்ரிக் வாரத்துக்கு ஒண்ணு போதும், ரோட் ரைடு முடிச்சதும் 15, 20 நிமிஷம். நீளமா ஓடறது நோக்கம் இல்ல, பைக்லேந்து இறங்கினதும் கால் வேற யாரோடதோ மாதிரி இருக்கும்ல, அந்த முதல் ரெண்டு கி.மீல வேகத்த சரியா கணிக்க பழகறதுதான். பைக்ல நிமிஷத்துக்கு 90 சுத்து (கேடன்ஸ்) சுத்திட்டு வந்த கால் தானா வேகமாத்தான் ஓடும், மெதுவா போறோம்னு தோணும்போதே வாட்ச்ல 4:05 காட்டும். முதல் கி.மீ 4:30 தாண்டி விடுங்க, அப்புறம் இறக்குங்க.

டேப்பர் ரேஸுக்கு பத்துலேந்து பதினாலு நாள் முன்னாடி. நேரத்த 40லேந்து 60 சதவீதம் வரைக்கும் குறைங்க, ஆனா செஷன் எண்ணிக்கையும் வேகமும் அப்படியே இருக்கட்டும், அஞ்சு தடவ போட்ட இன்டர்வெல ரெண்டு தடவ போடுங்க, அதே வேகத்துல. அந்த ரெண்டாவது வாரத்துல கால் கனமா இருக்கும், இல்லாத முட்டி வலி எல்லாம் வரும், தொண்ட கரகரக்குதோன்னு தோணும், எல்லாருக்கும் வர்றதுதான். அத பாத்து பயந்து கடைசி வாரத்துல ஒரு டெஸ்ட் ஓட்டம் ஓடி பாத்துடாதீங்க. டாக்டர் ரிப்போர்ட் வந்ததும் மறக்காம இங்க போடுங்க, ஃபெரிட்டின் கம்மின்னா ப்ளானே மாறும்.