சொட்ட விட்டால் உறையாதா? (தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலைக்கு, அதாவது பெர்க்குக்கு, போகிற கேரவன்காரர்கள் கவனத்துக்கு)

மாரிட்ஸ்பர்க் பைப்காரர்:
மலையடி ஊரான அண்டர்பெர்க் போய்வந்த பயணக் கதையில் சாட்ஸ்வர்த் சிங்கம் நேற்று எழுதியதைப் பார்த்தீர்களா? "ராத்திரி குழாயைச் சொட்ட விட்டால் போதும், ஜூலைக் குளிரில்கூடக் கேரவனில் தண்ணீர் உறையாது." போதுமாம்! 38 வருஷம் பைப் வேலை பார்த்தவன் சொல்கிறேன். வீட்டில் செய், சரி. கேரவனில் அந்தச் சொட்டு எங்கிருந்து வரும்? தொட்டியிலிருந்து. பம்ப் விட்டு விட்டு டுர்ரென்று ஓடி பேட்டரியைத் தின்னும். சொட்டியது வெளியே போகிற வாயில் மெழுகு ஒழுகின மாதிரி உறைந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். காலையில் சிங்க் நிறைய ஐஸ். தொட்டியைக் காலி செய், பம்ப்பை நிறுத்து, குழாய்கள் எல்லாவற்றையும் திற, கீசரையும் வடித்துவிடு. குடிக்க ஒரு கேனில் தண்ணீர் பிடித்து உள்ளே வைத்துக்கொள். அவ்வளவுதான்.

சாட்ஸ்வர்த் சிங்கம்:
வந்துவிட்டார் பேராசிரியர். அண்ணே, நான் கேம்ப் குழாயிலிருந்து ஹோஸ் போட்டு நேராக இணைத்திருந்தேன். பம்ப் ஓடவே இல்லை. வண்டிக்கு அடியில் ஒரு வாளி. மூன்று ராத்திரி, விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளை. என் குழாய் உறையவில்லை. கண்ணால் பார்த்தது பொய்யா?

மாரிட்ஸ்பர்க் பைப்காரர்:
ஹோஸா! தரையில் கிடக்கிற ஹோஸ்தான் முதலில் உறையும். ராத்திரி கழற்றி, தண்ணீரை வடித்து, சுருட்டி உள்ளே வைக்க வேண்டிய சாமான் அது. உனக்கு அந்த மூன்று நாள் குளிர் குறைவு, அதைச் சொல்.

பீனிக்ஸ் அக்கா:
தம்பிகளா, ஒருவர் குழாய் என்று திருகுகிற குழாயைச் சொல்கிறீர்கள், இன்னொருவர் சுவருக்குள் ஓடுகிற பைப்பைச் சொல்கிறீர்கள் போலிருக்கிறதே. எது உறையவில்லை?

சாட்ஸ்வர்த் சிங்கம்:
குழாய் என்றால் குழாய்தான் அக்கா. சொட்டியது. உறையவில்லை.

கரூ நிலா:
பெர்க் குளிரெல்லாம் ஒரு குளிரா? நான் சதர்லாந்துக்காரி, கரூவில் குளிருக்குப் பேர்போன ஊர். போன ஜூனில் தொட்டியைக் காலி செய்துவிட்டேன், பம்ப்புக்கு முன்னால் இருக்கிற வடிகட்டியை மறந்துவிட்டேன். கண்ணாடி மாதிரி ஒரு சின்னக் கிண்ணம் இருக்குமே, அதில் அரை டம்ளர் தண்ணீர் தங்கியிருந்தது. விடியற்காலையில் கிண்ணம் நெடுக விரிசல், கையோடு வந்தது அதே வடிவத்தில் ஒரு ஐஸ் கட்டி. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், இடம் இல்லையென்றால் உடைத்துக்கொண்டு போகும். நீளமான பைப்பில் பெரும்பாலும் ஐஸ் இருக்கிற இடம் வெடிக்காது. ஐஸுக்கும் மூடின குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் நெருக்கித்தான் பைப் கிழியும். வாய் திறந்திருந்தால் அந்த அழுத்தம் வெளியே போய்விடும். அந்த வகையில் சிங்கம் சொல்வதிலும்...

மாரிட்ஸ்பர்க் பைப்காரர்:
அப்படியானால் திறந்தால் போதும், சொட்ட வேண்டாம்! அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன். அப்புறம், சதர்லாந்து சதர்லாந்து என்று பீற்ற வேண்டாம். மோல்டெனோ பக்கம் பஃபல்ஸ்ஃபோன்டெயினில் 1996 ஜூன் 28 அன்று மைனஸ் 18.6 டிகிரி. அது குளிர்.

சாட்ஸ்வர்த் சிங்கம்:
திறந்தால் சொட்டாதா அண்ணே?

மாரிட்ஸ்பர்க் பைப்காரர்:
தொட்டி காலியாக இருந்தால் எது சொட்டும்?

சாட்ஸ்வர்த் சிங்கம்:
நான் ஹோஸ் போட்டிருந்தேன் என்று எத்தனை தடவை சொல்வது?

புதுக் கேரவன்:
வணக்கம் ஐயா. என் பக்கி (பிக்கப் வண்டி) ரேடியேட்டருக்கு வாங்கிய ஆன்டிஃப்ரீஸ், அதுதான் உறையாமல் இருக்க ஊற்றுகிற திரவம், பாதி கேன் மீதி இருக்கிறது. தொட்டியில் ஊற்றலாமா?

பீனிக்ஸ் அக்கா:
ஐயோ, ஊற்றிவிடாதே கண்ணு! அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும், விஷம். கொஞ்சம் இனிப்பாக வேறு இருப்பதால் நாய்கூட நக்கிச் செத்துப்போகும். கேரவனுக்கென்று விற்பது புரோப்பிலீன் கிளைக்கால், அதுவும் வண்டியைக் குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைப்பதற்கு. கீசருக்குள் போகாமல் பைபாஸ் செய்துவிட்டு ஊற்று, இல்லாவிட்டால் கீசரே கேன் கேனாகக் குடித்துவிடும்.

மாரிட்ஸ்பர்க் பைப்காரர்:
அக்கா சொன்னது சரி. சிங்க் அடியில் இருக்கிற வளைவிலும் அதே மருந்தைக் கொஞ்சம் விடு. குழாயைத் திறந்தாலும் அங்கே தண்ணீர் தங்கும். சொட்டுக் கட்சிக்காரர்களுக்கு அந்த வளைவு இருப்பதே தெரியாது.

சாட்ஸ்வர்த் சிங்கம்:
தெரியும். பெரிய அறிவாளி போன ஈஸ்டருக்குச் சின்ன பியூட்டேன் காஸ் குப்பியை எடுத்துக்கொண்டு வந்தாரே, காலையில் அடுப்பு எரியாமல் டீக்கு யார் கூடாரத்துக்கு வந்தார் என்று சொல்லட்டுமா? பியூட்டேன் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே ஆவியாகாமல் படுத்துவிடும், புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். இது எனக்குத் தெரிந்திருந்தது.

மாரிட்ஸ்பர்க் பைப்காரர்:
அதே ஈஸ்டரில் என் ரெகுலேட்டரை இரவல் வாங்கிக்கொண்டு போனது யார் என்பதையும் சேர்த்துச் சொல். ஒரு கப் டீக்கு ஒரு ரெகுலேட்டரா? பேச்சை மாற்றாதே. சொட்டு வேலைக்கு ஆகாது.

கரூ நிலா:
அந்த டீயில் இஞ்சியாவது போட்டார்களா?

சாட்ஸ்வர்த் சிங்கம்:
இந்த வெள்ளிக்கிழமை அண்டர்பெர்க் பக்கத்து ஹைம்வில் போகிறேன். சொட்டத்தான் விடப்போகிறேன். காலையில் வாளிப் படம் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரிட்ஸ்பர்க் பைப்காரர்:
வாளி யாருக்கு வேண்டும்? சிங்க் அடி வளைவைப் படம் எடு. பக்கத்தில் என் ரெகுலேட்டரை வைத்து எடு.