650 ரீசேட், மெரூன் நிறம்: ஸ்கிறீனா, டி.ரி.எஃப்பா, சப்ளிமேஷனா?

நடைபவனிக் குழு

வணக்கம். பழைய மாணவர் நடைபவனிக்கு 650 ரீசேட் அடிக்க வேணும். நிறம் மெரூன், அதில மாற்றம் இல்லை. இடது நெஞ்சில 9 சென்ரிமீற்றர் இலச்சினை, ஐந்து நிறம், நடுவில நிழல் விழுந்த மாதிரி ஒரு சாயல். முதுகில 27க்கு 34 சென்ரிமீற்றரில வெள்ளையும் மஞ்சளுமாய்த் தமிழ் வாசகம். சின்னப் பிள்ளையள் தொடக்கம் டபிள் எக்ஸ்எல் வரைக்கும் அளவு இருக்கு. இதோட ஆசிரியர்களுக்கும் குழுவுக்கும் 40 கொலர் ரீசேட். அடுத்த நாள் கிரிக்கெட் மைச்சுக்கு 30 ஜேர்சி, அதுக்குப் பெயரும் இலக்கமும் வரவேணும்.

யாழ்ப்பாணத்தில ஒரு இடத்தில எல்லாத்தையும் டி.ரி.எஃப்பில (ஃபிலிமில அச்செடுத்துச் சூட்டில துணியில ஒட்டுறது) அடிக்கலாம் எண்டினம். இன்னொரு இடத்தில ஸ்கிறீன்தான் (வலைக்குள்ளால மையைத் தள்ளி அடிக்கிறது) நிலைக்கும் எண்டினம். கொழும்பில விசாரிச்ச இடத்தில சப்ளிமேஷன் எண்டினம். துணி கொட்டன் 180 ஜி.எஸ்.எம் (சதுர மீற்றருக்கு 180 கிறாம்) எண்டு நினைச்சிருந்தம், ஆனா டிறை-ஃபிற் பொலியெஸ்டர் மலிவு எண்டு குழுவில பாதிப்பேர் அந்தப் பக்கம் நிக்கினம். ஏழு கிழமை இருக்கு. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஸ்குவீஜி

துணியை முதல்ல முடிவெடுங்கோ. அடிக்கிற முறை அதுக்குப் பின்னால தானாய் வரும். மூன்று இடத்தில மூன்று பதில் வந்ததுக்குக் காரணம், நீங்கள் துணியைச் சொல்லாமல் விலை கேட்டிருப்பியள். அவையவை தங்களிட்ட இருக்கிற மெசினைச் சொல்லியிருக்கினம்.

சப்ளிமேஷனை 650க்கு மறந்துவிடுங்கோ. அது சாயம், மை இல்லை. பொலியெஸ்டர் நாருக்குள்ள மட்டும்தான் இறங்கும், கொட்டனில நிக்காது. அதில வெள்ளை நிறமே கிடையாது, துணியின்ர வெள்ளைதான் வெள்ளை. அதால மெரூன் துணிக்கு மேல அடிக்க ஏலாது. வெள்ளைத் துணியில மெரூனையும் சேர்த்து முழுசா அடிச்சு, வெட்டி, பிறகு தைக்க வேணும். 30 ஜேர்சிக்கு அது நல்லது. ஒவ்வொரு ஜேர்சிக்கும் பெயரை மாத்துறதுக்குக் கோப்பை மாத்தினாப் போதும், மேலதிக வேலை இல்லை.

இப்ப மெரூன் பொலியெஸ்டரில வெள்ளை எழுத்து. இதுதான் உங்கட பணம் போற இடம். பொலியெஸ்டருக்குப் போடுற சாயம் சூட்டில ஆவியாகி மேல வரும். சாதாரண பிளாஸ்டிசோல் மை காய 160 பாகை வேணும். அந்தச் சூட்டில துணியின்ர சிவப்புச் சாயம் வெள்ளை மைக்குள்ள ஏறும். அடிச்சு முடிச்ச உடன வெள்ளையாத்தான் இருக்கும். சூடு ஆறாமல் அடுக்கிப் பெட்டியில கட்டி வைச்சால் ரண்டு மூன்று நாளில ரோசாப்பூ நிறம். சிவப்பும் மெரூனும்தான் இதில ஆகக் கெட்ட நிறங்கள். தடுக்க வழி இருக்கு: 130 பாகையளவில காயிற மை, அதுக்குக் கீழ சாம்பல் நிறத்தில ஒரு தடுப்பு மை. ஆனா அந்த மையும் மேலதிக ஸ்கிறீனும் சேர, பொலியெஸ்டரில மிச்சம்பிடிச்ச காசு அதிலயே போயிடும்.

ஆகவே கொட்டன். முதுகுக்கு ஸ்கிறீன். கேள்வியே இல்லை.

நடைபவனிக் குழு

சரி, கொட்டன் எண்டு குழுவில சொல்லிப்போட்டன். நெஞ்சு இலச்சினைக்கு என்ன செய்யிறது? முதுகையும் டி.ரி.எஃப்பில அடிச்சா ஒரே இடத்தில வேலை முடியுமே?

ஃபிலிம்_றோல்

டி.ரி.எஃப் அடிக்கிற ஆள்தான் நான். எண்டாலும் முதுகுக்கு வேண்டாம் எண்டுதான் சொல்லுவன்.

கணக்குப் பாருங்கோ. 60 சென்ரிமீற்றர் றோலில 27 அகலம், இடைவெளியோட 28. பக்கத்துக்குப் பக்கம் ரண்டு வரும். நீளம் இடைவெளியோட 35. அப்ப 650 முதுகுக்கு 325 வரிசை, கிட்டத்தட்ட 114 மீற்றர் ஃபிலிம். டி.ரி.எஃப்பில ஒண்டுக்கும் ஆயிரத்துக்கும் மீற்றர் விலை பெரிசா இறங்காது. ஸ்கிறீனில செலவு முழுக்கத் தொடக்கத்தில. எண்ணிக்கை கூடக் கூட ஒண்டின்ர விலை விழும். நேரமும் மிச்சமில்லை. 155 பாகையில 12 செக்கன் அழுத்தி, ஆறவிட்டு உரிச்சு, திரும்பத் தாளை வைச்சு 5 செக்கன் அழுத்த வேணும். எடுத்து வைக்கிறதோட ஒண்டுக்கு ஒரு நிமிசம். முன்னும் பின்னும் எண்டால் 1300 தரம், ஒரு பிறெஸ்ஸில 21 மணித்தியாலத்துக்கு மேல.

அதைவிட, 34 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ரப்பர் மாதிரித் தகடு முதுகில ஒட்டியிருந்தால் வேர்வை வெளிய போகாது. எங்கட வெய்யிலில நாலு கிலோமீற்றர் நடக்கிற ஆளுக்கு அது தெரியும்.

நெஞ்சு இலச்சினைக்கு மட்டும் டி.ரி.எஃப் பொருந்தும். ஐந்து நிறமும் சாயலும் ஸ்கிறீனில எண்டால் ஐந்து ஆறு ஸ்கிறீன், நிறத்துக்கு மேல நிறம் பொருந்திற பதிவு ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் 9 சென்ரிமீற்றரில அசிங்கமாய்த் தெரியும். ஃபிலிமில குறுக்க ஐந்து, மீற்றருக்கு 50 இலச்சினை வரும். 650க்கு 13 மீற்றர். 14 எடுங்கோ.

ஒரு எச்சரிக்கை: கிணத்தடியில கல்லில போட்டுத் தும்புத்தடியால உரஞ்சித் தோய்க்கிற வீடுகள் இருக்கு. டி.ரி.எஃப் ஓரம் அதுக்கு நிக்காது. உட்பக்கத்தை வெளிய திருப்பித் தோய்க்கச் சொல்லி ஒரு துண்டு அச்சடிச்சு உள்ள வையுங்கோ.

ஸ்குவீஜி

நெஞ்சில நான் ஒத்துக்கொள்ளன். நடைபவனிக்கு இலச்சினை ஐந்து நிறத்தில வரவேணும் எண்டு எந்தச் சட்டம்? வெள்ளை ஒரு நிறத்தில கோடாய் வரைஞ்சால் ஒரு ஸ்கிறீன், பத்து வருசத்துக்கும் உரியாது. முடிவு குழுவின்ர கையில.

முதுகுக்கு எத்தினை ஸ்கிறீன் எண்டு கேட்டு எழுதி வாங்குங்கோ. ரண்டு நிறம் எண்டால் ரண்டு ஸ்கிறீன் எண்டு நினைக்காதேங்கோ. மெரூனில மஞ்சளை நேர அடிச்சால் அது மாம்பழ நிறமாய்ப் போகும். கீழ வெள்ளை அடிச்சு, ஃபிளாஷில (இடையில சூடுகாட்டுற கருவி) தொட்டால் ஒட்டாத அளவுக்கு மட்டும் காயவைச்சு, மேல மஞ்சளும் இரண்டாம் வெள்ளையும். மொத்தம் மூன்று. கீழ் வெள்ளைக்குச் சென்ரிமீற்றருக்கு 43 நூல் வலை, மேல் நிறத்துக்கு 77. ஃபிளாஷில கனநேரம் வைச்சால் கீழ் மை முழுசாக் காய்ஞ்சு மேல் மை பிடிக்காது, நகத்தால சுரண்ட உரிஞ்சு வரும். கீழ் வெள்ளையை மேல் நிறத்தைவிட அரை மில்லிமீற்றர் உள்ளுக்கு இழுத்து வெட்டச் சொல்லுங்கோ, இல்லாட்டி மஞ்சளைச் சுத்தி வெள்ளைக் கரை தெரியும்.

மையை இரண்டு விரலால பிடிச்சு இழுத்துப் பாருங்கோ. வெடிச்சால் காயேல்லை. லேசர் துப்பாக்கியால 160 காட்டுது எண்டு சொல்லுவினம். அது மேற்பரப்பின்ர சூடு. தடிப்பான வெள்ளைக்கு அடிவரைக்கும் சூடு போகவேணும்.

அளவைப் பற்றி யாரும் கதைக்கேல்லை. 27 அகலத்தில ஒரு ஸ்கிறீன் செய்து எல்லாத்துக்கும் அடிச்சால், சின்னப் பிள்ளையின்ர முதுகில எழுத்து அக்குள் வரைக்கும் போயிடும். பிள்ளையளுக்கு 20 சென்ரிமீற்றர் அகலத்தில இன்னொரு தொகுதி ஸ்கிறீன், அல்லது எல்லாருக்கும் 22 அகலம். எண்ணிக்கையைப் பாருங்கோ: பிள்ளையளின்ர அளவு 60க்குக் குறைவெண்டால் தனி ஸ்கிறீன் கட்டாது.

ஊசிநூல்

40 கொலர் ரீசேட்டுக்கு எம்பிறோய்டறி. பிக்கே துணி, 220 ஜி.எஸ்.எம் எண்டால் தாங்கும். 650க்கும் எம்பிறோய்டறி எண்டு யாரும் சொன்னால் சிரிச்சுப்போட்டு வாங்கோ: 9 சென்ரிமீற்றர் இலச்சினை 10,000 தையல் வரும், நிமிசத்துக்கு 700 ஓடினாலும் ஒண்டுக்கு 14 நிமிசம். ஒரு தலை மெசினில 650 எண்டால் 150 மணித்தியாலம், வளையம் மாட்டுற நேரம் தனி. 40 எண்டால் ஒன்றரை நாள். பிறகு, 180 கொட்டனில இறுக்கித் தைச்சால் துணி சுருங்கிப் பிடிக்கும்.

பின்னால வெட்டி எடுக்கிற வகை பக்கிங் (தையலைத் தாங்க உட்பக்கம் வைக்கிற துணி) போடச் சொல்லுங்கோ, கிழிச்சு எடுக்கிற வகை வேண்டாம். பின்னல் துணி இழுபடேக்க தையலும் சேர்ந்து இழுபடும். இலச்சினையில இருக்கிற சாயலை நூலில கொண்டுவர வெளிக்கிடாதேங்கோ. அடியில வளைவாய் எழுதியிருக்கிற வாசகத்தை எடுத்துவிடுங்கோ, 6 மில்லிமீற்றருக்குக் கீழ தமிழ் எழுத்து நூலில வாசிக்க ஏலாது. டி.எஸ்.ரி மாதிரித் தையல் கோப்பில நூல் நிறம் பதியாது, ஆகவே நூல் இலக்கத்தைத் தாளில எழுதிக் குடுங்கோ.

பாமினி எதிரி

எல்லாரும் மையைப் பற்றிக் கதைக்கிறியள். பிழை வாறது அதுக்கு முதலே, கோப்பில.

வாசகத்தைப் பாமினி மாதிரி யூனிக்கோட் அல்லாத பழைய எழுத்துருவில அடிச்சு அனுப்பினால், மற்றக் கணினியில அந்த எழுத்துரு இல்லாட்டி ஆங்கில எழுத்துக் குழம்பல்தான் வரும். அது உடன பிடிபடும், பரவாயில்லை. யூனிக்கோடில அனுப்பினால் அதைவிட மோசமான ஒண்டு நடக்கும். இலஸ்ரேற்றர் வடிவமைப்பு மென்பொருளில இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவுசெய்யாமல் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும். 'வெ' எண்டதில ஒற்றைக் கொம்பு 'வ'வுக்கு வலப்பக்கம். 'கொ'வில கொம்பும் காலும் ரண்டும் சேர்ந்து வலப்பக்கம். தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது பிழையெண்டு விளங்காது. கொழும்புக்கு ஜேர்சி அனுப்பேக்க இதுதான் ஆபத்து.

ஆகவே எழுத்தை வளைகோடாய் (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாய்) மாத்தி அனுப்புங்கோ. மாத்தினாப்பிறகு ஒவ்வொரு எழுத்தையும் பெருப்பிச்சுப் பாருங்கோ. மாத்தாத கோப்பை உங்கட கையில வைச்சிருங்கோ, பிழை திருத்த அதுதான் வேணும்.

அடுத்தது புள்ளி. 'ம்' எழுத்தில புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையில ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கோ. 43 நூல் வலையில மெல்லிய இடைவெளியை மை நிரப்பிவிடும். 200ஆவது ரீசேட்டில வலையின்ர அடியில மை சேரச்சேரப் புள்ளி எழுத்தோட ஒட்டும். இரண்டாம் வெள்ளை அடிக்கேக்க இன்னும் பரவும். 'ண', 'ணை' மாதிரிச் சுழி எழுத்துக்களில உள் ஓட்டை அடைபடும். தடிச்ச எழுத்துரு தூரத்தில எடுப்பாத் தெரியும் எண்டு எடுப்பினம், அதிலதான் ஓட்டை ஆகச் சின்னன். ஒரு படி மெலிஞ்சதை எடுங்கோ. ஓட்டையின்ர அகலம் ஒரு மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது.

உண்மையான அளவில தாளில அச்செடுத்து, ஒரு ரீசேட்டின்ர முதுகில குண்டூசியால குத்தி, பத்தடி தள்ளி நிண்டு வாசிச்சுப் பாருங்கோ.

நடைபவனிக் குழு

நன்றி. குழு இலச்சினையை ஐந்து நிறத்திலதான் கேக்குது, ஆகவே நெஞ்சுக்கு டி.ரி.எஃப். ரண்டும் வேற வேற இடம் எண்டால் எது முதல் அடிக்கிறது? மழைக்காலத்தில வேலை வரும், அதில பிரச்சினை இருக்குமோ?

ஃபிலிம்_றோல்

ஸ்கிறீன் முதல். டி.ரி.எஃப்பை முதல் ஒட்டிப்போட்டு 160 பாகை அடுப்புக்குள்ள விட்டால் பசை இளகி ஓரம் கிளம்பும்.

ஸ்கிறீன் முடிஞ்சாப்பிறகு நெஞ்சை அழுத்தேக்க முதுகு மை பிறெஸ்ஸின்ர கீழ்த் தட்டில நேர படக் கூடாது. பிளாஸ்டிசோல் சூட்டில திரும்ப இளகும், ஒண்டோட ஒண்டு ஒட்டும். கீழ்த் தட்டில ரீசேட்டை உறை மாதிரி மாட்டி, நெஞ்சுத் துணி மட்டும் மேல வாறமாதிரி வைக்க வேணும். முதுகு தட்டுக்குக் கீழ தொங்கும். தட்டைக் கழட்டி மாட்ட ஏலாத பிறெஸ் எண்டால் நெஞ்சுக்குக் கீழ 10க்கு 10 சென்ரிமீற்றர் மெத்தை வைச்சு, நடுவில ரெஃப்லோன் தாள் போடச் சொல்லுங்கோ.

மழைக்காலத்தில கொட்டன் ஈரம் பிடிச்சிருக்கும். ஃபிலிமை வைக்க முதல் வெறும் துணியை 5 செக்கன் அழுத்தி ஈரத்தை எடுக்காட்டி, ஆவி பசைக்குள்ள குமிழாய் நிக்கும்.

ஸ்குவீஜி

ஸ்கிறீனுக்கும் அதே கதைதான். வலையில பூசுற எமல்ஷன் (ஒளி பட்டால் இறுகிற பூச்சு) ஈரக் காத்தில காய நேரமெடுக்கும். காயாத வலையை ஒளிபட வைச்சால் நடுவேலையில ஊசித்துளை விழும், ரீசேட்டில வெள்ளைப் பொட்டு. அவசரப்படுத்தாமல் வலைக்கு ரண்டு நாள் குடுங்கோ. மூன்று பாஸ், இடையில ஃபிளாஷ் எண்டால் மணித்தியாலத்துக்கு 35தான் போகும். 650க்கு மூன்று நாள், காயவைக்க இன்னும் ஒண்டு.

வெறும் ரீசேட்டை 670 எடுங்கோ, ஒரே சாயத் தொகுதியில. பிறகு 20 எடுக்கப் போனால் மெரூன் மாறியிருக்கும். முழு ஓடருக்கு முதல் இரண்டு மாதிரி கேளுங்கோ. ஒண்டைக் கையெழுத்து வைச்சுக் கடையில விடுங்கோ, அதைப் பார்த்துத்தான் மிச்சத்தை ஏற்கிறது. மற்றதை ஐந்து தரம் உங்கட கிணத்துத் தண்ணியில தோய்ச்சு வெய்யிலில காயப்போடுங்கோ. பைப் தண்ணியில தோய்ச்சுப்போட்டு நல்லது எண்டு சொல்லாதேங்கோ. எங்கட சுண்ணாம்புத் தண்ணியில சவர்க்காரம் படிஞ்சு வெள்ளை மங்குதோ இல்லையோ எண்டு பார்க்கிறதுக்குத்தான் அந்த மாதிரி.

நடைபவனிக் குழு

புள்ளி இடைவெளியை இப்பதான் அளந்தன். 0.4 மில்லிமீற்றர். எழுத்துருவை மாத்திக்கொண்டு திரும்ப வாறன்.