பாக்கி கட்டினாத்தான் டிசி தருவோம்ணு சொல்லுதாவ, என்ன செய்ய?

கரைக்காரி:
எங்க ஊரு தூத்தூர் பக்கம். எனக்க மோளு ஒரு மெட்ரிக் பள்ளியில அஞ்சாம் கிளாஸ் முடிச்சா. ஆறாம் கிளாசுக்கு அரசுப் பள்ளியில சேக்கலாம்ணு டிசி கேட்டுப் போனா, 23,400 ரூவா பாக்கி நிக்கி, கட்டிட்டு வாங்கிட்டுப் போங்கணு சொல்லுதாவ. வீட்டுக்காரரு விசைப்படகுல போறவரு. ஜூன் 1-லருந்து ஜூலை 31 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், படகக் கட்டிப் போட்டாச்சி. பள்ளிக்கூடம் தொறக்கதும் இந்தச் சமயத்துலதான். யாருகிட்ட போய் கேக்க? வருசப் பரீட்சை அன்னைக்கு இவள மட்டும் ஆபீஸ் வாசல்ல நிக்க வச்சி, நான் ஓடிப்போய் மூவாயிரம் கட்டுன பொறவுதான் கேள்வித்தாள் குடுத்தாவ. இப்ப பள்ளிக்கூடமே வேண்டாம்ணு சொல்லுதா. டிசி இல்லாம அரசுப் பள்ளியில சேப்பாங்களா?

குலசேகரத்தான்:
வட்டிக்கு வாங்கியாவது கட்டிருங்க அக்கா. அவங்ககூட மல்லுக்கு நின்னா பிள்ளைக்கு ஒரு வருசம் போயிரும்.

ரிட்டயர்டு எச்எம்:
வட்டிக்கு வாங்காதீங்கம்மா. பழைய பள்ளிக்கு நடக்கதையும் விடுங்க. நாளைக்குக் காலைல பிள்ளையக் கூட்டிக்கிட்டு நேரா அரசுப் பள்ளிக்குப் போங்க. பிறப்புச் சான்று, ஆதார் கையில இருந்தா நல்லது. இல்லன்னாலும் வயசுச் சான்று இல்லைங்கிற காரணத்தச் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

2009 கல்வி உரிமைச் சட்டம், 5-ஆம் பிரிவு. எட்டாம் வகுப்பு வரைக்கும் அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற பிள்ளைக்கு உரிமை உண்டு. டிசிய உடனே குடுக்கணும். டிசி வர பிந்துதுன்னு சொல்லிச் சேர்க்கைய நிறுத்தக் கூடாது. (வேற தனியார் பள்ளிக்கு மாறுறதா இருந்தா இந்தப் பிரிவு உதவாது, உங்களுக்கு அந்தக் கதை இல்ல.) 2024 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிட்டு: டிசிய வச்சி கட்டணம் வசூலிக்கக் கூடாது, டிசியில பாக்கின்னு எழுதவும் கூடாது. பிள்ளைக்க டிசி என்ன, அடகுக்கடை நகையா?

சிக்கல் வர்றது எமிஸ்ல, அதான் கல்வித் துறையோட ஆன்லைன் மாணவர் பதிவேடு. பழைய பள்ளி பிள்ளைக்க பேர அவங்க கணக்குலருந்து விடுவிச்சி காமன் பூல்ங்கிற பொதுப் பட்டியலுக்கு விடலன்னா புதுப் பள்ளியில பேரு ஏறாது. அதனால சில எச்எம்மாரே "டிசியோட வாங்க"ன்னு கைய விரிப்பாங்க. நானும் அந்த நாற்காலியில இருந்தவன்தான், அந்தத் தயக்கம் தெரியும். பிள்ளைய கிளாஸ்ல உக்கார வச்சிட்டு, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்துல புகார் குடுங்க, நகல்ல சீல் வாங்குங்க. அசையலன்னா திங்கக்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் மனு. பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417-க்கும் கூப்பிடலாம்.

வாசல்ல நிக்க வச்சதையும் அந்தப் புகார்ல தேதி போட்டு எழுதுங்க. அதே சட்டம் 17-ஆம் பிரிவுல அடிக்க மட்டுமில்ல, மனசளவுல துன்புறுத்தவும் தடை உண்டு. டிசிய விட எனக்கு அதுதான் பெரிய குத்தமாத் தெரியுது.

இன்னொண்ணு. ஆறாம் வகுப்புலருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலயோ, உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியிலயோ படிச்ச பெண்பிள்ளைகளுக்கு 2022-ல வந்த புதுமைப்பெண் திட்டத்துல காலேஜ் போகும்போது மாசம் 1,000 ரூவா. ஆறாம் வகுப்புலயே சேத்திருங்க.

சாக்பீஸ்:
நான் ஒரு தனியார் பள்ளி டீச்சர். எல்லாரும் பாக்கி வச்சிட்டு மாறிப் போனா எங்க சம்பளத்துக்கு என்ன வழி சார்? மே மாசச் சம்பளமே இன்னும் வரல.

ரிட்டயர்டு எச்எம்:
உங்க கேள்வி நியாயம் டீச்சர். பாக்கி இல்லன்னு நான் சொல்லல. அது அப்பன் ஆத்தாவுக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள கணக்கு, தவணை போட்டு எழுதி வாங்கட்டும், வேணும்னா கோர்ட்டுக்குப் போகட்டும். பிள்ளைய ஏன் நடுவுல நிப்பாட்டணும்? அந்த 23,400-க்கு விவரம் கேளுங்க கரைக்காரி அம்மா. தமிழ்நாட்டுல 2009-லயே கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்தாச்சி, கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் தொகை குறிச்சிருக்கும். அதுக்கு மேல வாங்குறது செல்லாது. ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டு விழான்னு எவ்வளவு சேத்திருக்காங்களோ!

கரைக்காரி:
பில்லுல "ஆக்டிவிட்டி" 6,000-ணு போட்டிருக்கு சார். இவ டான்சுக்கும் போகல, ஒண்ணுக்கும் போகல. மூத்தவனும் அதே பள்ளிதான், ஒம்பது முடிச்சிட்டான். அவனுக்கும் இந்தச் சட்டம் உண்டுமா?

ரிட்டயர்டு எச்எம்:
அவனுக்கு 5-ஆம் பிரிவு கிடையாதும்மா, அது எட்டோட நின்னுரும். ஆனா ஐகோர்ட் உத்தரவு எல்லா வகுப்புக்கும்தான். அவனுக்குத் தனி மனுவா எழுதுங்க, ரெண்டையும் ஒண்ணா எழுதினா சின்னவ காரியமும் சேர்ந்து பிந்தும். பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு பெயர்ப்பட்டியல் எமிஸ்லருந்துதான் எடுப்பாங்க, அவன் மனுவத்தான் முதல்ல குடுக்கணும்.