குறைந்த விலையில் பேஸ் கிட்டார் வாங்கியவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்:

பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார், கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். கையில் இருப்பது சொற்பப் பணம்தான். விமர்சன வீடியோக்கள் கண் வலிக்கும் அளவுக்குப் பார்த்தாகிவிட்டது; அவற்றில் எந்த பேஸை எடுத்தாலும் "இந்த விலைக்கு அபாரம்" என்றுதான் முடிக்கிறார்கள். அதனால் வாங்கி வைத்து, கொஞ்ச காலம் புழங்கியவர்களிடம் கேட்கிறேன். வாங்கும்போது எதைப் பார்த்தீர்கள்? வீட்டுக்கு வந்தபிறகு என்ன தெரிந்தது? மாடல் பெயரைவிட எனக்கு வேண்டியது அதுதான்.

கிட்டாரிலிருந்து பேஸுக்கு வந்தவர்:

எங்கள் குழுவில் கிட்டார் வாசிக்க மூன்று பேர், பேஸுக்கு ஆளே இல்லை. யாராவது இறங்கியாக வேண்டும், இறங்கினேன். (பேஸ் வாசிப்பவர்களில் பலருடைய கதை இதுதான் என்பது என் சந்தேகம்.) புதுசு வாங்கும் எண்ணமே இல்லை. மலிவு ரக பேஸ் கடையைவிட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கிவிடும். அந்த நஷ்டத்தை வேறு யாரோ ஏற்கெனவே பட்டிருந்தால் நமக்கு நல்லதுதானே.

விற்றவர் வீட்டில் அது கட்டிலுக்கு அடியில் உறையோடு கிடந்தது. வெளியே எடுத்தால் தந்திகள் எல்லாம் பழுப்பேறி, தொட்ட விரலில் கறை. அவருக்கே கூச்சமாகி, "தந்திய மட்டும் மாத்திக்குங்க சார்" என்றார். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒயரைக்கூடச் செருகாமல், பேஸின் அடிப்பக்கத்தைக் கன்னத்தோடு சேர்த்து வைத்து, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல நெக்கின் (விரல்கள் தந்தியை அழுத்தும் நீளத் தண்டு) இரண்டு ஓரங்களையும் பார்த்தேன். முன்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருந்தால் பயமில்லை. அதைச் சரிசெய்யத்தான் உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. ஆனால் ஒரு ஓரம் ஒரு மாதிரியும் மறு ஓரம் வேறு மாதிரியும் போனால் நெக் முறுக்கிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். காபியைக்கூட எதிர்பார்க்காமல் எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

இதில் நெக் நேராக இருந்தது. சுருதி சேர்த்துவிட்டு நாலு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) அழுத்தி வாசித்தேன். நாலில் மெல்லியதான ஜி தந்தியில் ஆறாவது ஃப்ரெட் வந்ததும் சுரம் எழுந்த வேகத்திலேயே அவிந்துபோனது. ஐந்தில் கொஞ்சம் நின்றது, ஏழில் நன்றாகவே நின்றது. இதற்கு டெட் ஸ்பாட் என்று பெயர். அந்தச் சுருதிக்கு நெக்கும் சேர்ந்து அதிர்ந்து தந்தியின் சக்தியை இழுத்துக்கொள்கிறது. நெக்கைத் திருகு போட்டுப் பொருத்தும் ஃபெண்டர் பாணி பேஸ்களில் விலை உயர்ந்தவற்றிலும் ஏறக்குறைய இதே இடத்தில் இருக்கும். இதை அப்படியே விற்றவரிடம் சொன்னேன். "அப்ப என் பேஸ்ல கோளாறு இல்லையா?" என்றார். இல்லை என்றேன். அப்படியும் அவராகவே கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

மகளுக்காக வாங்கியவர்:

என் கதை கொஞ்சம் வேற. வாசிக்கப் போறது நான் இல்ல, என் பொண்ணு. ஆறாவது படிக்கிறா, சின்ன உருவம். வழக்கமான பேஸ்ல, தலைப்பக்கம் தந்தி உட்கார்ற நட்டுல இருந்து உடல் பக்கம் உட்கார்ற பிரிட்ஜ் வரைக்கும் தந்தியோட நீளம் 34 அங்குலம், கிட்டத்தட்ட 86 செ.மீ. கடைல அதை மாட்டிவிட்டு முதல் ஃப்ரெட்டைப் பிடிக்கச் சொன்னா, இடது கை முழுசா நீண்டு, தோளு ஒரு பக்கமா இறங்கிடுச்சு. "வளர்ற பிள்ளைதானே சார், பழகிடும்"னார் விற்பனையாளர். பழகாது. வலிக்கும், வலிச்சா விட்டுடுவா.

அதனால ஷார்ட் ஸ்கேல், அதாவது தந்தி நீளம் குறைஞ்ச பேஸ் தேடினோம். ஸ்குவையர் பிராங்கோ 30 அங்குலம், ஐபனெஸ் மைக்ரோ இன்னும் சின்னது, 28.6 அங்குலம். நாங்க 30 அங்குலத்துல ஒண்ணு எடுத்தோம். அதே சுருதிக்குத் தந்தியை அவ்வளவு இறுக்க வேண்டியதில்லைங்கிறதால விரலுக்குச் சுகமா இருக்கு. ரொம்பத் தடிச்ச இ தந்தி மட்டும் கொஞ்சம் தொளதொளன்னு கேக்கும், அதை மறைக்க விரும்பல. தந்தி மாத்தும்போது ஷார்ட் ஸ்கேல்னு கேட்டு வாங்குங்க. நீளத் தந்தியை வெட்டிப் போட்டா தடிச்ச பகுதி ட்யூனர்ல (சுருதி சேர்க்கத் திருகுற முளை) போய்ச் சுத்திக்கும், மேல சுத்தின கம்பி பிரியவும் வாய்ப்பிருக்கு.

"குழந்தைங்க பேஸா?"ன்னு சிரிக்கிறவங்களுக்கு ஒண்ணு. பீட்டில்ஸ் குழுவோட பால் மெக்கார்ட்னி 1961ல ஹாம்பர்க்ல வாங்கின ஹாஃப்னர் வயலின் பேஸும் ஷார்ட் ஸ்கேல்தான். ஃபெண்டர் விலை எட்டாததாலதான் அவர் அதுக்குப் போனார். 1972ல அது திருட்டுப் போயி, அரை நூற்றாண்டு கழிச்சுத் திரும்பக் கிடைச்சது தனிக் கதை.

நின்றுகொண்டே வாசிப்பவர்:

கடையில் எல்லாரும் உட்கார்ந்தே வாசித்துப் பார்க்கிறோம். மடியில் எல்லா பேஸும் ஒழுங்காகத்தான் உட்காரும். பட்டையை மாட்டி நின்று, இடது கையை ஒரு நொடி எடுத்துப் பாருங்கள். நான் வாங்கியதில் தலைப்பக்கம் நேரே தரையைப் பார்த்து இறங்கியது. ட்யூனர்கள் கனம், உடல் லேசு, வேறென்ன. பாட்டு முழுக்க இடது கை சுரத்தையும் பிடிக்க வேண்டும், நெக்கையும் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்றால் மணிக்கட்டு என்னாகும்? உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல்பட்டை போட்டதும் சட்டையைப் பற்றிக்கொண்டு ஓரளவு நிற்கிறது. வழவழப்பான நைலான் பட்டை இதற்கு உதவாது.

பழுது பார்ப்பவர்:

என் மேசைக்கு வருகிற மலிவு பேஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வியாதி, நட். தந்திகள் தலைப்பக்கம் உட்காரும் அந்தச் சின்னத் துண்டில் வெட்டியிருக்கும் காடிகளைத் தொழிற்சாலையில் மேலாகவே விட்டுவிடுகிறார்கள். சரியான ஆழத்துக்கு இறக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டால் துண்டையே தூக்கிப் போட வேண்டும். அவ்வளவு மேலே இருக்கும் தந்தியை முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் விரலும் வலிக்கும், இழுபட்டுச் சுருதியும் ஏறும். எங்கும் அழுத்தாத திறந்த தந்தி சுத்தமாக இருக்கும், அடுத்த சுரமே அபசுரம்.

கல்லூரி மாணவர் ஒருத்தர் வந்தார். ஒரு கையில் பேஸ், மறு கையில் பெட்டி பிரிக்காத புது பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்). "அண்ணா, சவுண்டு சரியில்ல, சுதியும் சேரல, இதை மாட்டிக் கொடுங்க." வாசிக்கச் சொன்னேன். இ தந்தியில் முதல் ஃப்ரெட்டில் சுருதி நன்றாகவே தூக்கலாக இருந்தது. மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைப் பார்க்கச் சொன்னேன். அங்கே ஒரு காகிதம் நுழையும் அளவு போதும். அவருடையதில் தடிமனான அட்டையே நுழைந்தது.

பழைய தந்திகளைக் கழற்றிப் புதுசு போட்டேன். தடிமன் 45 முதல் 105 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு) உள்ள வழக்கமான செட்தான். பிறகு நெக். தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால் நடுவில், ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்கலாம், சுமார் 0.3 மி.மீ. அவருடையதில் அதைப்போல் சில மடங்கு. ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கினேன், சுருதி சேர்த்தேன், மறுபடி பார்த்தேன், இன்னொரு கால் சுற்று. இதில் அவசரம் ஆகாது. திருகு தானாகச் சுற்ற மறுத்தால் பலம் போடாதீர்கள். கம்பியோ திருகின் தலையோ போய்விட்டால் வேலையின் செலவு பேஸின் விலையைத் தாண்டும். அடுத்து நட்டின் காடிகள். அப்புறம் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சேடில்களின் உயரம். கடைசியாகத்தான் இன்டொனேஷன்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அழுத்திய சுரமும் ஒன்றாக வர வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளித் தந்தியின் நீளத்தைக் கூட்ட வேண்டும், இறங்கியிருந்தால் முன்னுக்கு.

வாசித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் நிறுத்தவே இல்லை. பிக்கப்பைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே தொடங்குபவருக்கு நான் சொல்வது: இருக்கிற பணத்தை முழுக்க பேஸிலேயே போடாதீர்கள், ஒரு செட் தந்திக்கும், மேலே சொன்ன சரிசெய்யும் வேலைக்கும் (செட்டப்) ஒதுக்கிவிட்டு மீதிக்கு வாங்குங்கள். உடல் என்ன மரம் என்ற விசாரணையும் வேண்டாம். மரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ட்யூனரை ஒருமுறை திருகிப் பார்க்க மாட்டார்கள். குமிழ்களைத் திருப்பும்போது கரகரத்தால் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் தூசிதான், கான்டாக்ட் கிளீனர் அடித்து முன்னும் பின்னும் திருப்பினால் போய்விடும். ஃப்ரெட்டுகளின் ஓரம் கையைக் கீறினால் காற்று வறண்டு மரம் சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்கவில்லை. அராவிவிடலாம். நெக் முறுக்கு, ஓடாத ட்ரஸ் ராட், நெக் உட்காரும் குழியில் விரிசல்: இவை இருந்தால் மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

ஹெட்ஃபோனில் வாசிப்பவர்:

ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) பற்றி யாரும் பேசலையே. செட்டாக விற்கும் பெட்டிகளில் பேஸோடு ஒரு குட்டி ஆம்ப் வரும். திறந்த இ தந்தியின் அதிர்வு நொடிக்கு சுமார் 41. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதை வெளியே தள்ள முடியாது. அதோடு சேர்ந்து எழும் உயர்ந்த அதிர்வுகளை வைத்துக்கொண்டு காதுதான் மீதியை நிரப்பிக்கொள்கிறது. நான் பேஸை மட்டும் தனியாக வாங்கி, அதில் நேரே செருகும் சின்ன ஹெட்ஃபோன் ஆம்பில் வாசிக்கிறேன். கீழ்ச்சுரங்கள் சுத்தமாகக் கேட்கின்றன, ராத்திரியில் வீட்டில் சண்டையும் இல்லை. வீட்டில் கிட்டார் ஆம்ப் இருந்தால் மெதுவான சத்தத்தில் அதிலேயே வாசிக்கலாம். சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் போகும்.

ஆக்டிவ் பேஸ்காரர்:

விலை குறைந்தவற்றிலும் இப்போது பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸ் நிறைய. ஒத்திகையின் நடுவில் என் பேஸ் உறுமத் தொடங்கியது, பிறகு சத்தம் தேய்ந்து நின்றேவிட்டது. ஆம்ப்தான் போய்விட்டது என்று எல்லாரும் அதைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். விஷயம் 9 வோல்ட் பேட்டரி. பேஸில் ஒயர் செருகியிருக்கும் வரை அது கரைந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் பிடுங்கிவிட வேண்டும். பழைய ஆக்டிவ் பேஸ் வாங்கினால் பின்னால் உள்ள மூடியைத் திறந்து, பேட்டரி கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு பழைய பேஸ்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்று ஃபெண்டரின் பிரிசிஷன் வகை, ஒன்று ஃபெண்டரின் ஜாஸ் வகை. இரண்டிலும் நெக் நேர். ஜாஸின் நெக் நட் பக்கத்தில் ஒடுக்கமாக இருப்பதால் என் கைக்கு அதுதான் பிடித்தது. ஆனால் இரண்டு வால்யூம் குமிழ்களில் ஒன்றைக் குறைத்தால் "ம்ம்ம்" என்று இரைச்சல் வருகிறது, இரண்டையும் முழுதாக வைத்தால் அடங்கிவிடுகிறது. பிரிசிஷனில் அப்படி இல்லை. ஜாஸில் ஏதாவது கோளாறா?

பழுது பார்ப்பவர்:

கோளாறு இல்லை, அதன் பிறவிக் குணம். ஜாஸில் தனித்தனியாக இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்புகள், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியவை. இரண்டும் ஒரே அளவில் இருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அழித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் துணை இல்லாமல் மற்றது முனகும். பிரிசிஷன் 1951இல் வந்தபோது அதிலும் ஒற்றைச் சுருள்தான். 1957இல் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து எதிரெதிராகச் சுற்றினார்கள், அதனால் அதில் எப்போதும் அமைதி. ஜாஸ் வந்தது 1960இல். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் எர்த் ஒயர் சரியாக இருக்கிறது.

கைக்குப் பிடித்தது ஜாஸ் என்றால் ஜாஸையே எடுங்கள். இரைச்சலோடு வாழலாம், கைக்கு ஒத்துவராத நெக்கோடு முடியாது.

கிட்டாரிலிருந்து பேஸுக்கு வந்தவர்:

ஐயா சொன்னதற்கு நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒரே ஒரு பேஸ்தான் வாங்கப் போகிறார், எந்தக் குழுவில் போய் உட்கார்ந்தாலும் ஒத்துப்போவது பிரிசிஷன். ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன், குழப்பிக்கொள்ள எதுவும் இல்லை. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷன் ஒன்றில் ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய, வழவழப்பான) தந்தி போட்டு, அதை மாற்றாமலேயே காலம் முழுக்க வாசித்தார் என்பார்கள். நானும் இப்போது ஃப்ளாட்வவுண்ட்தான். விலை கூடுதல், ஆனால் வருஷக்கணக்கில் வரும், ஃப்ரெட்டையும் அதிகம் தேய்க்காது.

புதிதாகத் தொடங்குபவர்:

ஜாஸையே எடுத்துவிட்டேன். மன்னிக்கவும், கை சொன்னதைக் கேட்டேன். மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திப் பார்த்தேன், நட் மேலேதான் இருக்கிறது. ஃப்ளாட்வவுண்ட் இப்போதே போடலாமா, செட்டப் முடிந்த பிறகா?

பழுது பார்ப்பவர்:

எந்தத் தந்தி போடப் போகிறீர்களோ அதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். ஃப்ளாட்வவுண்டுக்குப் பெரும்பாலும் இழுவிசை கூடுதல், நெக் வேறு மாதிரி நிற்கும். ஒரு தந்திக்கு செட்டப் செய்து இன்னொன்றைப் போட்டால் இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டிவரும்.