மும்பை மாதுங்காவில் தனியாக இருக்கும் அம்மா, பூட்டிக் கிடக்கும் அறை: வாடகைக்கு ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா?

மாதுங்கா_மகள்
அப்பா போன பிறகு அம்மா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் டூ பிஎச்கே வீட்டில் தனியாக இருக்கிறார். வயது 73. நான் புனேயில். கூப்பிட்டால் வரமாட்டார். காலையில் கோவில், மார்க்கெட்டில் கீரைக்காரியோடு பேச்சு, சாயங்காலம் பில்டிங் வாசலில் பெஞ்ச். இதையெல்லாம் விட்டு அவரால் இருக்க முடியாது. உள் அறை சும்மா பூட்டிக் கிடக்கிறது. வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு 9,000 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பதிலுக்கு ராத்திரி வீட்டில் இருக்க வேண்டும், அம்மாவோடு சாப்பிட வேண்டும், மருந்து வாங்கித் தர வேண்டும். ஜெர்மனியில் பெரியவர்கள் வீட்டில் தங்கும் மாணவர்கள் ஒரு சதுர மீட்டர் இடத்துக்கு மாதம் ஒரு மணி நேரம் உதவி செய்கிறார்கள். வாடகை கிடையாது, தண்ணீர், கரண்ட் செலவு மட்டும். நம் ஊரில் சரிப்படுமா?

செம்பூர்க்காரன்
வேண்டாம். வயசானவங்க தனியா இருக்கிற வீட்டுக்குள்ள முன்பின் தெரியாத ஆளை விடுறதே தப்பு. எங்க பெரியப்பா சயான்ல உள் அறையை லைசன்ஸ்னு, அதாவது குடித்தன உரிமை இல்லாம தங்க மட்டும் அனுமதின்னு சொல்லி ஒருத்தருக்குக் கொடுத்தார். 1973ல சட்டம் மாறிச்சு, அவர் குடித்தனக்காரராவே ஆயிட்டார். பெரியப்பா கண்ணை மூடுற வரைக்கும் அந்த அறை திரும்பக் கிடைக்கல. காசு அவசியமில்லன்னா பூட்டியே வைங்க.

நெல்லைப்பெண்
நான் வேறு காரணத்துக்காக வேண்டாம் என்கிறேன். நீங்கள் தேடுவது வாடகைக்கு ஆள் இல்லை, ராத்திரித் துணைக்கு ஆள். ஏஜென்சி மூலம் அப்படி ஒருவரை வைத்தால் நீங்கள்தான் சம்பளம் கொடுப்பீர்கள். இங்கே அவளிடமே 9,000 வாங்குகிறீர்கள். அவளுக்கு நைட் ஷிஃப்ட் வந்தால்? பொங்கலுக்கு ஊருக்குப் போக உங்களிடம் லீவு கேட்க வேண்டுமா?

வடாலாவில் ஒரு ஆன்ட்டி வீட்டில் இப்படித்தான் இருந்தேன். ரொம்ப நல்லவர். சனிக்கிழமை தோழிகளோடு வெளியே போய்த் திரும்பினால் டைனிங் டேபிளில் இரண்டு தட்டு கவிழ்த்து வைத்திருக்கும். எனக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டார். அந்தத் தட்டைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். கடைசியில் வெளியே போவதையே நிறுத்திவிட்டேன். சிநேகம் தானாக வர வேண்டும். வாடகையில் கழித்துக்கொண்டு அதைக் கேட்கக் கூடாது.

டோம்பிவிலி_ராஜி
நெல்லைப்பெண், உங்க கஷ்டம் புரியுது. ஆனா நமக்காகச் சாப்பிடாம உட்கார்ந்திருக்க ஒருத்தர் இந்த ஊர்ல எத்தனை பேருக்குக் கிடைக்கும்? லோயர் பரேல் ஆபீசுக்கு டோம்பிவிலியிலேருந்து ஃபாஸ்ட் லோக்கல்ல போறேன். தாதர்ல இறங்கணும்னா காட்கோபர் தாண்டினதும் வாசல் பக்கம் நகர ஆரம்பிக்கணும், இல்லேன்னா கூட்டம் விடாது. இதுக்கு முன்னாடி அந்தேரியில பிஜி, பேயிங் கெஸ்டா இருந்தேன். ஒரே ஹாலை பிளைவுட் வெச்சுத் தடுத்து நாலு கட்டில். பக்கத்துக் கட்டில் பொண்ணு பேரு தெரியறதுக்குள்ள அவ காலி பண்ணிட்டா. காய்ச்சல்ல படுத்தப்ப கஞ்சி வெச்சுத் தர நாதியில்ல. மாதுங்காவுல 9,000க்கு அறை, கூடவே ஒரு அம்மான்னா நான் ஓடி வந்துடுவேன். மருந்து வாங்கித் தர்றதெல்லாம் ஒரு வேலையா?

நெல்லைப்பெண்
மருந்து வாங்குவது வேலை இல்லைதான். அதையே ஒப்பந்தத்தில் எழுதி, ஒரு நாள் மறந்தால் புனேயிலிருந்து போன் வரும்போது வேலையாகிவிடும்.

ஓய்வு_வக்கீல்
செம்பூர்க்காரன் சொன்ன பயம் மும்பையில் பல குடும்பங்களுக்கு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1973 பிப்ரவரி 1 அன்று லைசன்ஸில் குடியிருந்தவர்களை அப்போதைய வாடகைச் சட்டம் வாடகைதாரர் ஆக்கியது. இன்று நடப்பில் இருப்பது 1999 மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் 24ஆம் பிரிவுப்படி, குடியிருக்க லைசன்ஸில் வந்தவர் காலம் முடிந்ததும் காலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் லைசன்ஸ் தொகையைப் போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும்.

ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் ஆகியிருக்க வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாமல் விட்டு வழக்கு வந்தால், 55ஆம் பிரிவுப்படி நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும். மாறாக நிரூபிப்பது உங்கள் பாடு. 'நம்ம பொண்ணுதானே' என்று வாய்ப்பேச்சில் விடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது ஆதார் வைத்து வீட்டிலிருந்தபடியே கைரேகை கொடுத்துப் பதிவு செய்யலாம். போலீசுக்கும் தகவல் கொடுத்துவிடுங்கள்.

செம்பூர்க்காரன்
சட்டம் சரி சார். நம்பிக்கையான ஒரு ஆளைப் பிடிக்கிறதுதான் கஷ்டம். நம்ம ஆளுங்களா, சைவமா பார்த்து வெச்சா ஓரளவு தைரியமா இருக்கலாம்.

நெல்லைப்பெண்
இதைத்தான் எதிர்பார்த்தேன். சமையலறையில் அசைவம் வேண்டாம் என்பது வீட்டு வழக்கம், மதிக்கிறேன். வெளியே மீன் சாப்பிட்டு வருகிறவளே வேண்டாம் என்றால் அது ஆளை வடிகட்டுவது. ரூம் இருக்கிறதா என்று போன் செய்தால் முதலில் ஊர் எது, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்பார்கள். பதில் சொன்னதும் "ரூம் போயிடுத்தும்மா." மறுவாரமும் அதே விளம்பரம் இருக்கும். தமிழர்கள்தான், நம் ஆட்கள்தான். இப்படி வடிகட்டியிருந்தால் உங்கள் பெரியப்பாவின் அறை திரும்பக் கிடைத்திருக்குமா அண்ணா?

ஓய்வு_வக்கீல்
இத்தனை பேசுகிறோமே, அம்மாவைக் கேட்டீர்களா?

மாதுங்கா_மகள்
நேற்று ராத்திரி கேட்டேன் சார். "என்னைக் காவல் காக்க யாரும் வேண்டாம். ஆத்துல இன்னொரு விளக்கு எரிஞ்சாப் போறும். லேட்டா வந்தா சாவி எடுத்துண்டு போகட்டும், நான் முழிச்சுண்டு இருக்க மாட்டேன்" என்றார். சமையலறைக்குள் முட்டைகூட வரக் கூடாதாம். வெளியே என்ன சாப்பிடுகிறாள் என்று விசாரிக்கமாட்டாராம். வாடகையைத் தன் கணக்கில்தான் போட வேண்டுமாம், என் கணக்கில் இல்லை. அந்தப் பெண்ணோடு முதலில் தானே பேச வேண்டுமாம்.

அதனால் ராத்திரி நிபந்தனையையும் மருந்தையும் எடுத்துவிடுகிறேன். வாடகை 9,000 அப்படியே. பதிவு செய்துகொள்வோம். முதல் இரண்டு மாதம் பார்த்துவிட்டு, ஒத்துவராவிட்டால் இருவரில் யார் வேண்டுமானாலும் ஒரு மாத நோட்டீசில் விலகலாம்.

நெல்லைப்பெண்
இப்படி என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கட்டும். துணி காயப்போட இடம், ஃப்ரிட்ஜில் ஒரு அடுக்கு, விருந்தாளி வரலாமா, இதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள். அம்மாவுக்கு ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் யாரைக் கூப்பிடுவது? பக்கத்து வீட்டு நம்பரும் டாக்டர் நம்பரும் அவள் கையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் அவள் பொறுப்பில்லை என்பதும் தெளிவாக இருக்கட்டும்.

செம்பூர்க்காரன்
நான் இன்னும் வேண்டாம்னுதான் சொல்வேன். பகல்ல அந்தப் பொண்ணு ஆபீஸ், ராத்திரியும் கட்டாயமில்ல. அப்ப அம்மா விழுந்து கிடந்தா யார் பார்க்கிறது? துணைன்னு ஆரம்பிச்சது வெறும் வாடகையா முடிஞ்சிருச்சு.

டோம்பிவிலி_ராஜி
அண்ணா, இப்ப அந்த வீட்டுல யாருமே இல்லையே.

அக்கா, எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு ரூம் தேடிட்டு இருக்கா. தூத்துக்குடி. வெளியில மீன் சாப்பிடுவா, முன்னாடியே சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரட்டுமா? அம்மாவே பேசிப் பார்க்கட்டும்.