ஒரு கரண்டி, மூன்று கைகள்: இருமல் மருந்தோடு உங்கள் அனுபவம்

மருதாணி (தஞ்சாவூர்)

ஐந்து மாதம் ஆகிவிட்டது, அந்தச் சாயங்காலம் இன்னும் என்னை விடவில்லை. பையனுக்கு மூன்றரை வயது. நான்கு நாளாக வறட்டு இருமல், இரவில் யாருக்கும் தூக்கமில்லை. மருந்துக்கடையில் கேட்டதும் சிரப் கொடுத்தார்கள். இருமலை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் சளியை உலர்த்தும் குளோர்ஃபெனிரமினும் கலந்தது, எல்லார் வீட்டிலும் இருக்கும் வகைதான். காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் நான் கொடுத்தேன். பதினோரு மணிக்கு மாமியார் கொடுத்திருக்கிறார். மதியம் அவன் மறுபடி இருமியதும் நாத்தனார் கொடுத்திருக்கிறாள். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. அளவு மூடி காணாமல் போயிருந்ததால் பாயசம் சாப்பிடும் கரண்டி.

நான் வீடு திரும்பியபோது சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தான். மடியில் தூக்கி முகத்தைப் பார்த்தேன். கண்மணிகள் இரண்டும் இடமும் வலமுமாகத் துடித்துக்கொண்டிருந்தன. ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பங்களைப் பார்க்கிறவருக்குக் கண் எப்படி ஓடும், அப்படி. என்னைத்தான் பார்க்கிறான், ஆனால் பார்வை என்மேல் நிற்கவில்லை.

இரவு முழுக்க மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தார்கள். விடிந்ததும் இட்லி கேட்டான். டாக்டர் அந்தக் கரண்டியை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னார். ஊசிக்குழலில் தண்ணீர் எடுத்து அதில் விட்டு அளந்து காட்டினார். 13 மில்லி. கடையில் சொன்ன அளவு இரண்டரை.

வைகைக்கரை (மதுரை)

குழந்தை தேறியதே பெரிது. ஆனால் மாமியார், நாத்தனார் என்று வரிசைப்படுத்தி எழுதியிருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. குழந்தை இருமினால் பெரியவர்கள் பதறத்தான் செய்வார்கள். நாங்களும் இப்படிப்பட்ட டானிக்கைக் குடித்து வளர்ந்தவர்கள்தாம்.

என் அனுபவம் வேறு. அப்பாவுக்கு 71 வயது, புராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சளிக்கும் இருமலுக்கும் சேர்த்து ஒரு சிரப்பை இரண்டு நாள் குடித்தார். இரண்டாம் நாள் இரவு ஒரு மணிக்குக் குளியலறை விளக்கு எரிந்தது. இரண்டு மணிக்கும் எரிந்தது. கதவைத் தட்டினால், குழாயைத் திறந்துவிட்டு, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறார். சொட்டுக்கூட வரவில்லை. அடிவயிறு கல்போல் இருந்தது. அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். மூன்று மணிக்கு ட்யூப் போட்டு 900 மில்லி எடுத்தார்கள். சளியை உலர்த்தும் மருந்து சிறுநீர்ப்பையைச் சுருங்கவிடாது, மூக்கடைப்புக்கான மருந்து அதன் வாயை இறுக்கும் என்று டியூட்டி டாக்டர் விளக்கினார். இருமல் பாட்டிலுக்குள் மூத்திரத்தை நிறுத்தும் சரக்கு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

கடைசிவண்டி (விழுப்புரம்)

சுருக்கமாக எழுதுகிறேன். வேன் ஓட்டுகிறேன். இருமலுக்கு இரண்டு மூடி குடித்துவிட்டு இரவு பதினோரு மணிக்கு உளுந்தூர்பேட்டையிலிருந்து கிளம்பினேன். உள்ளே ஒன்பது பேர், கல்யாண வீட்டுக்காரர்கள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி விளக்கைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது: விழுப்புரம் எப்போது கடந்தது என்றே நினைவில்லை. கண் திறந்துதான் இருந்திருக்கிறது. வண்டியை ஓரம்கட்டிவிட்டு அரைமணி நேரம் கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு குழந்தை பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ‘தூக்கம் வரலாம், வண்டி ஓட்டக் கூடாது’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். மறுநாள்தான் படித்தேன்.

மாத்திரைப்பெட்டி (திருச்சி)

19 ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். வைகைக்கரை ஐயா, ‘நாங்களும் குடித்து வளர்ந்தோம்’ என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இரண்டு வயதுக் குழந்தைக்கும் பாட்டில் கேட்டு வருகிறார்கள். குளோர்ஃபெனிரமினும் மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே எழுதக் கூடாது, ஐந்துக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று 2025 அக்டோபரில் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகமும் சொன்னது.

என் கதை சிறியது. ஒரு பெண் இருமல் சிரப் கேட்டார், கொடுத்தேன். இரண்டாம் நாள் மறுபடி வந்தார். உடம்பெல்லாம் வியர்வை, தாடை இறுகியிருந்தது. பணம் எடுக்கக் கைப்பையின் ஜிப்பை இழுக்கிறார், விரல்கள் ஆடுகின்றன, ஜிப் பிடிபடவில்லை. மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்ஸெட்டின் சாப்பிடுகிறார், அதை வேறு கடையில் வாங்குகிறார். நான் விற்றது டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன். அந்த மாத்திரை இந்த மருந்தை உடம்பிலிருந்து வெளியேறவிடாமல் தேக்கும். இரண்டும் சேர்ந்து செரட்டோனின் என்ற நரம்பு ரசாயனத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிடும். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினேன், பிழைத்துக்கொண்டார். விற்றது நான். கேட்டிருக்க வேண்டியதும் நான்.

அதனால் சொல்கிறேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள், குறிப்பாக மனநல மாத்திரை, லினெஸோலிட் என்ற கிருமிக்கொல்லி போன்றவற்றை. சளி கட்டிய இருமலை அடக்காதீர்கள். அடக்கினால் கபம் நெஞ்சிலேயே தங்கும். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் மூளையில் இருமலைத் தூண்டும் இடத்தைத்தான் அடக்குகிறது, சளியைக் கரைப்பதில்லை. கரைப்பதற்கு ஆம்ப்ராக்ஸால், குவாய்ஃபெனெசின் போன்றவை இருக்கின்றன. ஒரே பாட்டிலில் இரண்டையும் கலந்து விற்பதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. சிரப்பிலேயே பாராசிட்டமால் இருந்தால் காய்ச்சல் மாத்திரையைத் தனியாகச் சேர்க்காதீர்கள். கோடீன் என்ற போதைதரும் மருந்து கலந்ததைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. கல்லீரல் அதை மார்ஃபினாக மாற்றுகிறது, சிலருக்கு மிக வேகமாக மாற்றி மூச்சையே அடக்கிவிடும். அது ஹெச்1 பட்டியல் மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். டியூஷன் முடித்துவிட்டுச் சேர்ந்து வந்து பாட்டில் பாட்டிலாகக் கேட்கும் பையன்களை நான் திருப்பி அனுப்புகிறேன், பக்கத்துத் தெருவில் என்ன நடக்கிறதோ. சர்க்கரைக்காரர்கள் சர்க்கரை சேர்க்காத சிரப் கேளுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும்முன் அரை ஸ்பூன் தேன் போதும், அதற்குக் கீழே தேனும் ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சிரப்பை மாற்றாதீர்கள். காசநோயா என்று பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள், காசு வாங்க மாட்டார்கள்.

சங்குப்பூ (கோவை)

மாத்திரைப்பெட்டி அண்ணா, இவ்வளவு விவரம் எழுதுகிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அம்மா எட்டு மாதம் ஒரே கடையில் இருமல் சிரப் வாங்கினார். ரத்தக்கொதிப்புக்கு ராமிப்ரில் வாங்கியதும் அதே கடைதான். ஒரே பையில் இரண்டையும் போட்டுக் கொடுத்தார்கள். அந்த மாத்திரையே சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாசலில் கோலம் போடும்போது பாதியில் இருமல் வந்து மாவு சிதறிவிடும். சிதறிய கோலத்தைக் கையாலேயே அழித்துவிட்டு முதல் புள்ளியிலிருந்து தொடங்குவார். எட்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிய டாக்டர் மாத்திரையை மாற்றினார், மூன்று வாரத்தில் இருமல் நின்றது. கேட்க வேண்டியது நோயாளிதான் என்று சொன்னால் எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாதே.

மாத்திரைப்பெட்டி (திருச்சி)

சங்குப்பூ அம்மா, நீங்கள் சொல்வது சரி. அது கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி. படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று மட்டும்: அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர்தான் மாற்ற வேண்டும்.

பாலாறு (காஞ்சிபுரம்)

அளவு, அளவு என்றே எல்லாரும் எழுதுகிறீர்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்களே, அவர்களுக்குச் சரியான அளவில் கொடுத்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். எங்கள் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப். தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்ததில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுக் கரைப்பான். அனுமதி 0.1 சதவீதம். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் இதேபோல் நச்சு கலந்த சிரப்பால் குழந்தைகள் இறந்தார்கள். தாய்க்குக் கரண்டியைச் சொல்லிக்கொடுக்கும்போது, பீப்பாயில் வந்த கரைப்பானைச் சோதிக்காமல் ஊற்றியவரை மறந்துவிடக் கூடாது.

அந்த வாரம் எங்கள் வீட்டிலும் ஒரு சிரப் பாட்டில் பாதி காலியாக இருந்தது. வேறு பெயர், வேறு ஊர்ச் சரக்கு. ஆனாலும் சிறுநீரகம்தான் முதலில் போகும் என்று செய்தியில் கேட்டதிலிருந்து, மகள் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறாள் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மதியம் நான்கு மணி நேரம் கோடு விழவில்லை. அவள் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறாள், நான் பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறேன். நாலரைக்கு எழுந்து போனாள். கதவுக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

மருதாணி (தஞ்சாவூர்)

வைகைக்கரை ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். மாமியாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூடி காணாமல் போயிருந்தது என்று எழுதினேன். அது கழுவும்போது சாக்கடைக்குள் விழுந்தது, விழவிட்டது நான். காலையில் அந்தப் பாயசக் கரண்டியை முதலில் எடுத்ததும் நான்தான். நான் சமையல் மேடைமேல் பாட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதால்தான் அவர்களும் அதையே எடுத்தார்கள். வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை.